அரசு லேப்டாப்பை இன்னும் கைவிடாதவர்களுக்கு



2011 முதல் 2019 வரை பள்ளியிலோ கல்லூரியிலோ அரசு கொடுத்த லேப்டாப்பை வாங்கி, இன்றும் அதை ஓட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். திருப்பூரில் லேப்டாப் சர்வீஸ் செய்கிறவன் நான். உங்களில் பலர் வேலைக்குப் போய்ப் புது மெஷின் வாங்கிவிட்டீர்கள். பழையது தம்பிக்கோ, டைப்பிங் பழகும் தங்கைக்கோ, கடைக் கணக்குப் போடும் அப்பாவுக்கோ போயிருக்கிறது. அது ஒருநாள் மக்கர் பண்ணும். கட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வருவீர்கள். கவுண்டரில் வைத்த கையோடு கேட்பது ஒன்றுதான்: "ஏனுங்ண்ணா, இதச் சரி பண்ணிப் பிரயோசனமுங்களா, தூக்கிப் போட்டறலாமுங்களா?"

இதற்கு மூடியைக்கூடத் திறக்காமல் பதில் சொல்லுகிற மெக்கானிக்கிடம் மெஷினைக் கொடுக்காதீர்கள். லேப்டாப் மொத்தமாகச் சாவது அபூர்வம். ஏதோ ஒரு பாகம் போகும். அதை நம்பி இருக்கிற மற்றதெல்லாம் சேர்ந்து படுத்துக்கொள்ளும். போனது எது என்று தெரிந்த பிறகுதான் செலவு பண்ணலாமா வேண்டாமா என்ற பேச்சே. அதைக் கண்டுபிடிக்கிற வேலையில் பாதியை நீங்களே வீட்டில் செய்துவிடலாம். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். காசு போட்டுக் கடையில் வாங்கிய லேப்டாப்புக்கு இல்லாத ஒரு யோகம் உங்கள் மெஷினுக்கு உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் பக்கம் காக்களூரில் தொடங்கிய திட்டம் அது. அரசின் எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்கியது. கொடுத்த மெஷின்களின் கணக்கு ஐம்பது லட்சத்தைத் தாண்டியது. வருடத்துக்கு ஒரு சில மாடல்கள்தான் என்பதால் ஊருக்கு ஊர் அதே திரை, அதே கீல், அதே கீபோர்டு, அதே அடாப்டர். போர்டு எரிந்துபோன ஒரு மெஷினின் திரை, கீழே விழுந்து திரை உடைந்த இன்னொன்றுக்கு அப்படியே உட்காரும். பத்து வருடம் ஆன வேறு ஏதாவது மாடலுக்குக் கீல் தேடிப் போனால் சென்னை ரிச்சி தெருவில்கூட உதட்டைப் பிதுக்குவார்கள். உங்கள் மாடலுக்கு அந்தக் கவலை குறைவு. அரசு இதை நினைத்துச் செய்ததாகத் தெரியவில்லை, ஆனாலும் தமிழ்நாடு முழுக்க உதிரிபாகக் கிடங்கு மாதிரி ஆகிவிட்டது.

சரி, மெஷினைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் உள்ளே இருப்பதை வெளியே எடுங்கள். கல்யாணப் போட்டோ, ஸ்கேன் செய்து வைத்த பத்திரம், சாதிச் சான்றிதழ், பழைய ப்ராஜெக்ட் எல்லாம் அந்த ஒரே ஹார்டு டிஸ்க்கில்தான் கிடக்கின்றன. திரைக்கு வேறு திரை கிடைக்கும். போட்டோவுக்குக் கிடைக்காது.

அரசு லேப்டாப்பில் வந்தது பெரும்பாலும் சுழலும் தட்டு வைத்த டிஸ்க். நிமிடத்துக்கு 5,400 சுற்று. தட்டுக்கும் அதைப் படிக்கிற தலைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி சில நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்படி ஒரு பொருள் பத்து வருடம் பஸ்ஸிலும் ஸ்கூட்டரிலும் குலுங்கிவிட்டு இன்னும் ஓடுவதே பெரிய விஷயம். அது சோர்ந்து போவதற்கு முன் சிலசமயம் சொல்லிவிட்டுப் போகும். ஒரு ஃபோல்டரைத் திறந்தால் மெஷின் அப்படியே உறைந்து நிற்கும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் நூறு சதவீதத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். 5 என்ற எண்ணுக்கு எதிரில் இருப்பது, கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட பகுதிகளின் கணக்கு. C5 (அதாவது 197) என்பது, படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்பவற்றின் கணக்கு. இந்த இரண்டும் சுழியமாக இல்லை என்றால் அன்றைக்கே காப்பி எடுங்கள். C7 (அதாவது 199) மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள். டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவில் இருக்கிற கேபிளோ கனெக்டரோ சரியாகத் தொடவில்லை என்று அர்த்தம். கழற்றித் துடைத்துச் சொருகினாலே பல சமயம் தீர்ந்துவிடும்.

எண்கள் சுத்தமாக இருக்கின்றன என்று நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. 2007-இல் கூகுள் ஆட்கள் தங்களிடம் ஓடிய ஒரு லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சோதனையில் முதல் பிழை காட்டிய டிஸ்க், அடுத்த 60 நாளுக்குள் சாகும் வாய்ப்பு, பிழை காட்டாததைவிட 39 மடங்கு. இது எதிர்பார்த்ததுதான். அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது: செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், முக்கியமான நான்கு எச்சரிக்கைக் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயின. அதாவது, மென்பொருள் ‘கெட்டது’ என்றால் நம்புங்கள். ‘நல்லது’ என்றால் பாதி நம்புங்கள்.

டிஸ்க் ‘டக், டக்’ என்று ஒரே சீராகத் தட்ட ஆரம்பித்துவிட்டால் அதற்குப் பிறகு ஆன் செய்யவே வேண்டாம். தலை தட்டில் உரசிக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு தடவை ஆன் செய்வதும் மிச்சம் இருப்பதைச் சுரண்டுவதுதான். ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்குள் ஓர் இரவு வைத்து எடுத்தால் ஓடும் என்று யாரோ வீடியோவில் சொன்னதைக் கேட்டு, பாலிதீன் கவரில் சுற்றிய டிஸ்க்கோடு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோக்கும். அதோடு கதை முடிந்தது. தட்டுகிற சத்தம் இல்லாமல், அங்கங்கே மட்டும் படிக்க முடியாமல் திணறுகிற டிஸ்க் என்றால் வழி இருக்கிறது. லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்று ஒரு கருவி. நல்ல பகுதிகளை முதலில் வேகமாக அள்ளிவிட்டு, கெட்ட பகுதிகளுக்குக் கடைசியில் திரும்பி வரும். சாதாரண காப்பி முதல் கெட்ட இடத்திலேயே மாட்டிக்கொண்டு டிஸ்க்கையும் கொன்றுவிடும். கடையில் கொடுத்தால் ‘எதை வைத்து எடுப்பீர்கள்’ என்று கேளுங்கள்.

டேட்டா பத்திரம் என்றானதும், அதே இடத்தில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி போட்டுவிடுங்கள். பழைய லேப்டாப்புக்குச் செய்கிற செலவிலேயே பலன் அதிகம் தெரிவது இதில்தான். நாலைந்து நிமிடம் எடுத்த மெஷின் அரை நிமிடத்துக்குள் எழுந்து நிற்கும். ஆனால் எஸ்எஸ்டி போட்டாச்சு, இனி காப்பி வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். சுழலும் டிஸ்க் முனகிவிட்டாவது சாகும். எஸ்எஸ்டி போகும்போது நேற்று இருந்தது இன்று இல்லை. அதிலிருந்து திரும்ப எடுப்பதும் பழைய டிஸ்க்கைவிடக் கஷ்டம்.

அடுத்தது ‘ஆன் ஆகலை’. இந்த ஒரு சொல்லுக்குள் நாலு விதமான கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறதா, ஃபேன் சத்தம் கேட்கிறதா? சிறிது நேரம் கழித்துக் கேப்ஸ் லாக்கை அழுத்தினால் அதன் விளக்கு மாறுகிறதா? மாறினால் மெஷின் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. திரை மட்டும்தான் வரவில்லை. அறை விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சைத் திரையின்மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். டெஸ்க்டாப் மங்கலாகத் தெரிந்தால் பேக்லைட்டோ அதற்குப் போகிற கேபிளோ போயிருக்கிறது. ஒன்றுமே தெரியாவிட்டால் வீட்டு டிவியில் எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகுங்கள், பழைய மானிட்டர் இருந்தால் விஜிஏ. அதில் படம் வந்தால் போர்டு நன்றாக இருக்கிறது. அதற்கு மேல் யாராவது ‘போர்டு போச்சு’ என்றால் சிரித்துவிட்டு மெஷினை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

விளக்கு எரிந்து, ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி நின்று, மறுபடி சுற்றுகிறதா? முதலில் ராமைப் பாருங்கள். பின்மூடியைக் கழற்றி, இரண்டு பக்கக் கிளிப்பையும் விரித்தால் ராம் தானாக மேலே எழும். அதன் பொன்னிற விளிம்பைப் பள்ளிக்கூடத்து ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, மறுபடி சாய்வாகச் சொருகி அமுக்குங்கள். கறுத்துப்போன விளிம்பு பளிச்சென்று ஆனதும் ஆன் ஆகிற மெஷின்களுக்குக் கணக்கே இல்லை. புது ராம் வாங்க வேண்டி வந்தால் மட்டும் கவனம்: டிடிஆர்3-இல் 1.5 வோல்ட் ஒரு ரகம், 1.35 வோல்ட் ஒரு ரகம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், காடியும் ஒரே இடத்தில்தான். 1.35 மட்டுமே ஏற்கிற மெஷினில் 1.5 போட்டால் திரை வராது. பழைய ராமைக் கையோடு கொண்டுபோங்கள்.

எந்த விளக்கும் இல்லை, சுத்தமாக மௌனம் என்றால் சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். பிறகு பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் சொருகிப் பாருங்கள். மின்சாரம் விட்டு விட்டு வந்ததில் குழம்பிப்போன கன்ட்ரோலர் சிப் இதிலேயே தெளிந்துவிடுவது உண்டு. அதற்கும் அசையாவிட்டால் பக்கத்து வீட்டுச் சார்ஜர். அதே வோல்ட், அதே முனை, வாட் குறையாமல் இருக்க வேண்டும்.

தேதி பிரச்சினை ஒன்று தனியாக இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. ‘இன்டர்நெட் வேலை செய்யலீங்க, எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் பாதுகாப்பு இல்லைனு வருது’ என்று ஒரு பையன் வருவான். இரண்டு கடையில் வைரஸ் என்று சொல்லி ஃபார்மட் வேறு அடித்திருப்பார்கள். மூலையில் தேதியைப் பார்த்தால் பத்து வருடம் பின்னால் நிற்கும். உள்ளே மூன்று வோல்ட் காசு செல் ஒன்று, சிஆர்2032, கடிகாரத்தை ஓட்டுவதற்காகவே இருக்கிறது. அது தீர்ந்துபோய், பெரிய பேட்டரியும் செத்திருந்தால், ஒவ்வொரு பவர் கட்டுக்கும் மெஷின் தான் பிறந்த வருடத்துக்குப் போய்விடும். வெப்சைட்டுகளின் சான்றிதழ் அந்தத் தேதியில் இன்னும் பிறக்கவே இல்லை என்பதால் பிரவுசர் கதவைச் சாத்துகிறது. மளிகைக் கடையில்கூடக் கிடைக்கிற செல். சில மாடல்களில் மட்டும் கறுப்பு உறை போட்டு இரண்டு ஒயரோடு வரும்.

இனி எங்கள் ஊர்ச் சரக்கு. திருப்பூரில் ‘ஹீட் ஆகுதுங்க, பத்து நிமிஷத்துல ஆஃப் ஆயிருதுங்க’ என்று வருகிற மெஷினைத் திறந்தால், ஃபேனுக்கும் வெப்பம் தள்ளும் தகடுகளுக்கும் நடுவில் பனியன் பஞ்சு படலம் படலமாக அடைந்திருக்கும். நூல் பிடுங்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுசாக ஒரே துண்டாக உரிந்து வரும். அதன் நிறத்தைப் பார்த்தே வீட்டுப்பக்கம் என்ன துணி ஓடியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். அடியில் சாம்பல், நடுவில் நீலம், மேலே சிவப்பு. வெளியிலிருந்து வேக்குவம் வைத்தோ ஊதியோ இது போகாது. ஃபேனைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றிய கையோடு ப்ராசஸர்மேல் இருக்கும் காய்ந்த பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பயறு அளவு வைத்தால், 95 டிகிரியில் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது 70-க்குள் இறங்கிவிடும். ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், ‘ஸ்லோ’ என்று நீங்கள் திட்டுவதில் ஒரு பங்கு இந்தப் பஞ்சுக்குச் சேர வேண்டியது. மெத்தைமேல் வைத்து ஓட்டாதீர்கள். காற்று இழுக்கிற ஓட்டை அடியில்தான் இருக்கிறது.

பேட்டரி ஏற்கெனவே செத்திருக்கும், அதில் ஆச்சரியமில்லை. லித்தியம் அயன் செல்லுக்கு மிகவும் ஆகாதது, முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்து இருப்பது. 40 டிகிரியில் முழுச் சார்ஜோடு ஒரு வருடம் கிடந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொள்ளளவு திரும்பி வராது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் எந்நேரமும் சார்ஜரில் சொருகிய லேப்டாப்புக்கு நடப்பது அதுதான். கழற்றி மாட்டுகிற பேட்டரி என்றால் அதை எடுத்துவிட்டுச் சார்ஜரிலேயே ஓட்டலாம், தப்பில்லை. யூபிஎஸ் இல்லாத வீட்டில் கரண்ட் போனால் மெஷினும் போகும், அவ்வளவுதான். ஆனால் பேட்டரி உப்பியிருந்தால், டச்பேட் மேலே தூக்கியிருந்தால், உடனே நிறுத்துங்கள். குத்தாதீர்கள், அமுக்காதீர்கள், குப்பையில் போடாதீர்கள். எங்களிடம் கொடுங்கள்.

கீல் உடைவது இந்த மாடல்களில் பொதுவான சீக்கு. இரும்புக் கீல் உடைவதில்லை. அதை முடுக்கியிருக்கும் பித்தளைக் குமிழ்கள் பிளாஸ்டிக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடுகின்றன. அப்போதே நிறுத்தினால் ஃபெவிக்விக்கும் சமையல் சோடாவும் போட்டு, அல்லது எம்-சீல் வைத்து, குமிழைத் திரும்ப உட்கார வைத்துவிடலாம். ‘இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்’ என்று அப்படியே திறந்து மூடினால் கீல் வழியாகப் போகிற டிஸ்ப்ளே கேபிள் அறுந்து, கடைசியில் திரைக்கே செலவு வரும். கீபோர்டில் சில பட்டன் போனதற்கெல்லாம் கடைக்கு வர வேண்டாம். ஒரு யூஎஸ்பி கீபோர்டு வாங்கிச் சொருகிக்கொள்ளுங்கள்.

போர்டுதான் எல்லை. போர்டில் ஷார்ட் ஆன ஒரு சின்னக் கெப்பாசிட்டரை மாற்றுவதோ, கெட்டுப்போன பயாஸ் சிப்பை மறுபடி எழுதுவதோ நியாயமான வேலை; செய்யலாம். ‘சிப்புக்குச் சூடு வெச்சா ஓடும்’ என்கிற வேலை இருக்கிறதே, அதற்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள். 2006 ஜூலையில் ஐரோப்பா ஈயத்துக்குத் தடை போட்ட பிறகு உலகம் முழுக்கப் போர்டுகளில் பற்றுவைப்பது ஈயம் இல்லாத கலவையில். பழைய கலவை 183 டிகிரியில் உருகும், இது 217 பக்கம். சூடு கொடுத்ததும் மெஷின் ஓடுவதைப் பார்த்து, பற்று விட்டுப்போனது ஒட்டிக்கொண்டது என்று எல்லாரும் நினைத்தோம். 2008-இல் என்விடியா தன் லேப்டாப் சிப்புகளின் உள்கட்டுமானத்திலேயே பலவீனம் என்று ஒப்புக்கொண்டு 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. சிப்புக்கு உள்ளே விரிசல் விட்டது, வெளியே கொடுத்த சூட்டில் சில வாரம் தொட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவே. இன்றைக்கும் அப்படித்தான். வாரன்டி கேட்டால் ‘டெஸ்டிங் வாரன்டி’ என்பார்கள்; கடையில் ஓடியது, வாசல் தாண்டினால் உங்கள் பாடு என்று அதற்குப் பொருள். போர்டு வேலைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் எந்த இடத்தில் எத்தனை வோல்ட் வர வேண்டும், எத்தனை வருகிறது என்று கேளுங்கள். அளந்து பார்த்தவருக்குப் பதில் தெரியும். மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

‘விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு அப்டேட் நின்றுபோச்சே, இனி எதுக்கு இத்தனை பாடு?’ என்று கேட்பீர்கள். விண்டோஸ் 11 இந்த மெஷின்களில் பெரும்பாலானவற்றில் முறைப்படி ஏறாது, உண்மைதான். ஆனால் உங்கள் கைக்கு வந்த நாளிலேயே இதில் பாஸ் லினக்ஸும் சேர்ந்து இருந்தது, நினைவிருக்கிறதா? திறந்து பார்க்காமல் அழித்துவிட்டு விண்டோஸ் மட்டும் போட்டுத் தரச் சொன்னீர்கள், நாங்களும் போட்டுக் கொடுத்தோம். இப்போது லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நாலு ஜிபி ராமில் தாராளமாக ஓடும். டாலியில் கணக்குப் போடுகிறவருக்கும் சில அரசுத் தளங்களில் டிஜிட்டல் கையொப்பம் போடுகிறவருக்கும் இது சரிவராது. மற்றவர்களுக்குப் பிரவுசரும் ஆபீஸும் இருந்தால் போதும். மெமரி சிப்புகளை ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போவதில் 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறியிருக்கிறது. புது லேப்டாப்களில் பலவற்றில் ராமைப் போர்டிலேயே பற்றுவைத்து விடுகிறார்கள். ரப்பர் வைத்துத் தேய்க்கவும் முடியாது, கூட ஒன்று போடவும் முடியாது. உங்கள் பழைய மெஷினில் நாலு திருகு கழற்றினால் டிஸ்க், ராம், ஃபேன் எல்லாம் கைக்கு வருகின்றன. அதை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான்.

இத்தனைக்கும் பிறகு போர்டு நிஜமாகவே போய்விட்டது என்றால், அந்தச் செலவுக்கு நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். டிஸ்க்கைக் கழற்றி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற யூஎஸ்பி கேஸில் போட்டால் அது வெளி டிஸ்க் ஆகிவிடும். மிச்சத்தைக் கிலோ கணக்கில் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். அவர்கள் போர்டை எரித்துச் செம்பு எடுக்கிறார்கள்; திரையை உடைத்துப் போடுகிறார்கள். அதே மாடல் வைத்திருக்கிற இன்னொரு பிள்ளை, ஒரு நல்ல திரையும் ஒரு ஜோடிக் கீலும் கிடைக்காமல் எங்காவது ஒரு கடையில் உட்கார்ந்திருக்கும். உங்கள் ஊர் சர்வீஸ் கடையில் கொடுங்கள். ஏதோ ஒரு விலை போட்டு எடுத்துக்கொள்வார்கள்.

மெஷினைக் கொண்டு வரும்போது சார்ஜரையும் கொண்டு வாருங்கள். பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். கடைசியாக என்ன செய்துகொண்டிருக்கும்போது நின்றது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். டீ கொட்டியிருந்தால் டீ கொட்டியது என்றே சொல்லுங்கள். கீபோர்டைத் தூக்கியதும் எப்படியும் வாசனை வந்துவிடும்.

இப்படிக்கு,
திருப்பூரில் லேப்டாப் சர்வீஸ் செய்கிற உங்கள் அண்ணன் ஒருவன்